ஏற்காட்டில் வீட்டுப் பட்டறைக்கு ஏஜி-4 கிரைண்டர் போதுமா? கட்டிங் வீல் வேறு உடைந்துகொண்டே இருக்கிறது

நாகலூர்ப் பக்கம்:

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். தொழிலுக்கு இல்லை, வீட்டு வேலைதான். கேட்டுக்குக் கீல் மாற்றுவது, ஒரு இன்ச் ஸ்கொயர் பைப்பில் ஸ்டாண்டு செய்வது, வெல்டு வைத்த இடத்தைத் தேய்ப்பது, கவாத்துக் கத்திக்கும் மண்வெட்டிக்கும் கூர் போடுவது, இப்படி. அடுத்து மாடிப்படிக்கு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்பில் கைப்பிடி போட வேண்டும்.

இப்போது இருப்பது மாமா கொடுத்த பழைய ஏஜி-4, அதாவது 4 இன்ச் வீல் மாட்டி வெட்டவும் தேய்க்கவும் செய்கிற கை கிரைண்டர். அதில் இரண்டு தொல்லை. மெல்லிய கட்டிங் வீல் பாதி வெட்டிலேயே ஓரம் தெறித்துவிடுகிறது. அதே பெட்டியில் இருந்த வீல்கள் கோடையில் நன்றாகத்தான் வெட்டின, மழைக்குப் பிறகுதான் இப்படி. அப்புறம், கொஞ்ச நேரம் ஓட்டினாலே மெஷின் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. கொட்டகையில் தனி லைன் இல்லை, வீட்டில் இருந்து ஒயர் இழுத்துத்தான் ஓட்டுகிறேன்.

புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். 4 இன்ச்சா, 5 இன்ச்சா? பேட்டரி மெஷின் சரிவருமா? என்னென்ன வீல் வாங்கி வைக்க வேண்டும்? அடுத்த வாரம் சேலம் இறங்குகிறேன், அதற்குள் யாராவது சொன்னால் நல்லது.

சூரமங்கலம் வெல்டிங்:

தம்பி, மெஷின் இருக்கட்டும், முதலில் வீலைப் பாருங்கள். நடு ஓட்டையைச் சுற்றி ஒரு தகர வளையம் இருக்கும். அதில் V என்று போட்டு மாதமும் வருடமும் குத்தியிருப்பார்கள். அது காலாவதித் தேதி. ரெசினில் (பிசின் பசையில்) மணலை ஒட்டிச் செய்த வீலுக்கு ஆயுள் தயாரித்த நாளில் இருந்து 3 வருடம்தான், அதுவும் காய்ந்த இடத்தில் வைத்திருந்தால். உங்கள் ஊர் மூடுபனியில், தகரக் கொட்டகையில், ஆணியில் மாட்டி வைத்த வீல் என்றால் கேட்கவே வேண்டாம். ஈரத்தை இழுத்து ரெசின் பலம் இழந்துவிடும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து.

4 இன்ச் வீல் நிமிஷத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் அதன் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அந்த வேகத்தில் தெறிக்கிற துண்டு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியோடு தூக்கிப் போடுங்கள். வெயிலில் காயவைத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

நீங்கள் வெட்டுகிற முறையையும் கொஞ்சம் சொல்லுங்கள். பைப்பின் இரண்டு முனைக்கும் முட்டுக் கொடுத்து நடுவில் வெட்டுகிறீர்களா? அப்படி வெட்டினால் முடிகிற நேரத்தில் பைப் நடுவில் தொய்ந்து, வெட்டுவாய் மூடி, வீலைக் கவ்விக்கொள்ளும். மெஷின் அப்படியே நம் பக்கம் உதைக்கும், மெல்லிய வீல் அங்கேயே நொறுங்கும். ஒரு பக்கத்தை வைஸில் இறுக்கிவிட்டு, வெட்டி விழ வேண்டிய பக்கத்தைத் தொங்க விடுங்கள்.

நட்டையும் பாருங்கள். ஏஜி-4 நட்டில் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் தட்டை. தடித்த கிரைண்டிங் வீலுக்கு மேடு உள்ளே போக வேண்டும். 1 மில்லி கட்டிங் வீலுக்குத் தட்டைப் பக்கம் வீலைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் வீல் சரியாகப் பிடிபடாமல் ஆட்டம் காணும். என் பட்டறைக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

நாகலூர்ப் பக்கம்:

அண்ணா, பார்த்துவிட்டேன். பெட்டி முழுக்க போன வருடமே தேதி முடிந்திருக்கிறது. நட்டு சரியாகத்தான் இருக்கிறது. பைப்பை இரண்டு கல் மேல் வைத்துத்தான் வெட்டுகிறேன், இனி வைஸில் பிடிக்கிறேன். புது வீல் வாங்கும்போது தட்டிப் பார்த்து, ஓசையை வைத்து விரிசல் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே?

சூரமங்கலம் வெல்டிங்:

அது பெஞ்ச் கிரைண்டரில் போடுகிற சாணைக் கல்லுக்கு. விரலில் மாட்டித் தட்டினால் நல்ல கல் கணீரென்று சொல்லும். மெல்லிய ரெசின் வீலில் அந்த ஓசையை நம்ப முடியாது. இதற்கு வேறு வழி. மாட்டியதும் கார்டை (வீலை மறைக்கிற தடுப்பு மூடி) போட்டு, வீல் சுற்றுகிற நேர்கோட்டில் நிற்காமல் ஓரமாக நின்று, அரை நிமிஷம் சும்மா ஓட விடுங்கள். உதறல் இருந்தால் கழற்றிவிடுங்கள். கீழே விழுந்த வீலை மறுபடி மாட்டவே கூடாது.

செவ்வாய்ப்பேட்டை ஹார்டுவேர்:

4 இன்ச்சா 5 இன்ச்சா என்பதற்கு என் கருத்து: உங்களுக்கு 4 இன்ச். காரணம் சாதாரணமானது. 4 இன்ச் வீலின் ஓட்டை 16 மில்லி, 5 இன்ச்சுக்கு 22.23 மில்லி. ஒன்று இன்னொன்றில் சேராது. நம் ஊரில் பெட்டிக்கடை அளவு ஹார்டுவேர் கடையிலும் 4 இன்ச் வீல் கிடைக்கும். 5 இன்ச் வீல் தீர்ந்தால் நீங்கள் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். 850 வாட் ஒன்று எடுத்தால் நீங்கள் சொன்ன எல்லா வேலையும் நடக்கும். பிராண்டு மெஷினாகப் பாருங்கள், கார்பனும் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கிற, தேய்ந்துபோகும் கட்டை) ஆர்மேச்சரும் (மோட்டாரின் சுற்றுகிற பாகம்) சேலத்திலேயே கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். சுவிட்சை அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடுகிற மாடல் கிடைத்தால் அதை எடுங்கள். தள்ளிவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கிற சுவிட்ச் வீட்டு உபயோகத்துக்கு எனக்குப் பிடிக்காது. மெஷின் கை நழுவினாலும் அது நிற்காது.

கடைக்கு வருகிறவர்கள் செய்கிற ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். கார்டைக் கழற்றிவிட்டு 4 இன்ச் மெஷினில் 5 இன்ச் வீலை மாட்டுவார்கள், ஆழமாக வெட்டும் என்று. ஏஜி-7-ல் தேய்ந்துபோன வீலை வீணாக்காமல் ஏஜி-4-ல் மாட்டுகிறவர்களும் உண்டு. 7 இன்ச் வீல் மேலேயே அதிகபட்சம் 8,500 சுற்று என்று போட்டிருக்கும். உங்கள் மெஷின் 11,000. ஓட்டையும் பெரிது, நடுவில் உட்காராது. கேட்டால், இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள்.

மெஷின் சூடாவதற்கு ஒயர்தான் காரணம் என்று நினைக்கிறேன். 850 வாட் மெஷின் லோடில் 4 ஆம்பியர் போல இழுக்கும். மெல்லிய ஒயரை நீளமாக இழுத்தால் முனையில் வோல்ட்டேஜ் விழும், வேகம் குறையும், நாம் இன்னும் அழுத்துவோம், ஆர்மேச்சர் காயும். 1.5 ஸ்கொயர் காப்பர் ஒயர் போடுங்கள். சுருளில் இருந்தால் முழுவதும் பிரித்து விட்டுத்தான் ஓட்ட வேண்டும், சுருளோடு ஓட்டினால் ஒயரே சூடாகும். ஈரத்தரை என்பதால் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) கட்டாயம்.

பேட்டரி மெஷின் தோட்டத்து வேலிக் கம்பி வெட்ட அருமை. வெல்டு தேய்க்க உட்கார்ந்தால் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். முதல் மெஷினாக அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

இரும்பாலை ரிட்டயர்டு:

எஸ்எஸ் கைப்பிடி என்று படித்ததால் எழுதுகிறேன். சேலத்தில் இருந்துகொண்டு எஸ்எஸ்ஸைத் துருப்பிடிக்க விட்டால் எங்களுக்குத்தான் அவமானம்!

எஸ்எஸ் வேலைக்கு வீல்கள் தனி. சாதாரண இரும்பில் ஓடிய வீலோ, ஃபிளாப் டிஸ்க்கோ (உப்புத்தாள் மடல்களை அடுக்கிய வட்டு), கம்பி பிரஷ்ஷோ எஸ்எஸ் மேல் படவே கூடாது. இரும்புத் துகள் பைப்பில் பதிந்துவிடும். சில வாரத்தில் சிவப்புப் புள்ளி புள்ளியாகத் துரு வரும், உங்கள் மலைக் காற்றில் இன்னும் சீக்கிரம். எல்லோரும் பைப் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். உண்மையில் துருப்பிடிப்பது பைப் இல்லை, நாம் தேய்த்து ஒட்டவைத்த இரும்பு. வீலில் இனாக்ஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். இரும்பு, கந்தகம், குளோரின் சேராமல் செய்தது என்று அர்த்தம். அதைத் தனி டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள். கொட்டகையில் இரும்பு வெட்டும்போது பறக்கிற பொறி எஸ்எஸ் பைப் மேல் விழுந்தாலும் இதே கதைதான், மூடி வையுங்கள்.

அடுத்தது சூடு. எஸ்எஸ் வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தாது. ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் நீலம் பாய்ந்துவிடும். துருவைத் தடுப்பது அதன் மேல் இருக்கிற மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். நீலம் பாய்ந்த இடத்தில் அது கெட்டிருக்கும், அந்த நிறத்தை எடுத்தே ஆக வேண்டும். அதனால்தான் நான் ஹார்டுவேர்க்காரர் சொன்னதில் மாறுபடுகிறேன். கைப்பிடி வேலை நிஜமாகவே செய்வதாக இருந்தால் வேகம் குறைக்கிற வசதி உள்ள 5 இன்ச் மெஷின்தான் நல்லது. 3,000 சுற்றுக்கு இறக்கி பாலிஷ் போடலாம். வெல்டு தையலை 60 ஃபிளாப்பில் ஆரம்பித்து, 80, 120 என்று ஏறி, கடைசியில் நைலான் நார் வீல்.

வீல் மேல் இருக்கிற எழுத்தையும் படிக்கப் பழகுங்கள். A என்றால் அலுமினியம் ஆக்சைடு, இரும்புக்கு. C என்றால் சிலிகான் கார்பைடு, கல்லுக்கு. கூட இருக்கும் 60 போன்ற எண் மணலின் பருமன், எண் ஏற ஏற நைஸ். BF என்றால் உள்ளே வலை வைத்த ரெசின். அந்த அலுமினியம் ஆக்சைடு மணல் எதில் இருந்து வருகிறது தெரியுமா? பாக்சைட்டை மின் உலையில் உருக்கி எடுப்பது. சேர்வராயன் மலையிலும் பாக்சைட் வெட்டி மேட்டூருக்கு அலுமினியம் செய்ய இறக்கினார்கள். ஆக, நீங்கள் நிற்கிற மண்ணின் உறவுக்காரன்தான் உங்கள் வீலில் சுற்றுகிறான்.

செவ்வாய்ப்பேட்டை ஹார்டுவேர்:

சார் சொல்வது எஸ்எஸ் வேலையே தொழிலாக இருப்பவருக்குச் சரி. ஒரு கைப்பிடிக்காக 5 இன்ச் வாங்கி, பிறகு வீலுக்கு அலைவதா? 4 இன்ச்சிலும் வேகம் மாற்றுகிற மாடல் வருகிறது, அதைப் பார்க்கலாம்.

இரும்பாலை ரிட்டயர்டு:

அது கிடைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

செம்மடுவு எஸ்டேட்:

நானும் மலைக்காரிதான். எங்கள் தோட்டத்துக் கருவிகளுக்கெல்லாம் நானே கூர் போடுகிறேன். கவாத்துக் கத்தியில் தடித்த கிரைண்டிங் வீலை வைக்காதீர்கள். ஓரம் ஒரு நொடியில் நீலமாகிவிடும், அதோடு எஃகின் பதம் போச்சு. பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. 120 ஃபிளாப் டிஸ்க்கில் லேசாக ஒரு இழுப்பு, வாளித் தண்ணீரில் ஒரு முக்கு, மறுபடி ஒரு இழுப்பு. விரலால் தொட முடிகிற சூட்டுக்கு மேல் போக விடாதீர்கள். கடைசிக் கூரைச் சாணைக் கல்லில் கையால் போடுவதுதான் எனக்குத் திருப்தி. மண்வெட்டிக்கு இவ்வளவு பார்க்க வேண்டாம், 60 ஃபிளாப் போதும்.

குளிர் என்று மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கிரைண்டரைத் தொடாதீர்கள். ஸ்வெட்டர் நூலையும் கம்பி பிரஷ் இழுத்துவிடும். துண்டு, துப்பட்டா, லுங்கி எல்லாம் இதே கணக்கு. முகத்துக்கு முழு ஷீல்டு, அதற்குள்ளே கண்ணாடி. தை முடிந்து சில்வர் ஓக் இலை காய்ந்து கொட்டிக் கிடக்கிற நாட்களில் கொட்டகை வாசலைப் பெருக்கிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். பொறி நாம் நினைப்பதைவிடத் தூரம் போகும். வேலை முடிந்து அரை மணி நேரம் கழித்து ஒரு தரம் போய்ப் பாருங்கள்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதில் மட்டும் கிரைண்டரை வைக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

நாகலூர்ப் பக்கம்:

எல்லோருக்கும் நன்றி. வேகம் மாற்றுகிற 4 இன்ச்சையே பார்க்கிறேன். அக்கா சில்வர் ஓக் என்றதும் ஒன்று கேட்கத் தோன்றியது. கிளை அறுக்க, கிரைண்டரில் மாட்டுகிற பல் வைத்த மர பிளேடு விற்கிறார்களே, அதையும் ஒன்று வாங்கிக்கொள்ளலாமா?

சூரமங்கலம் வெல்டிங்:

வேண்டாம். வேண்டவே வேண்டாம். மரம் அறுக்கிற சர்க்குலர் மெஷின் பாதி வேகத்தில் ஓடுகிறது, அதற்கு முழு மூடியும் தகடும் இருக்கிறது. கிரைண்டரில் அது எதுவும் இல்லை. பல் மரத்தில் மாட்டினால் மெஷின் கையை விட்டுத் துள்ளும், போகிற இடம் பெரும்பாலும் தொடை அல்லது கழுத்து. சங்கிலி மாட்டிய டிஸ்க் இன்னும் மோசம். கிளைக்குக் கைவாள், இல்லையென்றால் செயின்சா.

நீங்கள் வாங்க வேண்டியது: 1 மில்லி கட்டிங் வீல் இரும்புக்குக் கொஞ்சம், இனாக்ஸ் கொஞ்சம், தடித்த கிரைண்டிங் வீல் ஒன்றே ஒன்று, ஃபிளாப் 60, 80, 120. மொத்தப் பெட்டி மலிவு என்று வாங்காதீர்கள், உங்கள் வேலைக்குத் தீர்வதற்குள் தேதி போய்விடும். டைல்ஸ், கல் வெட்டுகிற நாள் வந்தால் அன்றைக்கு டைமண்ட் பிளேடு. கட்டிங் வீலின் பக்கவாட்டில் எதையும் தேய்க்காதீர்கள், பிசிறு எடுக்கக்கூட.

நாகலூர்ப் பக்கம்:

சரி அண்ணா, மர பிளேடு வேண்டாம். பழைய மெஷினைத் தூக்கிப் போடுவதா, வைத்துக்கொள்வதா? உள்ளே நீலமாகப் பொறி பறக்கிறது, ஆனால் ஓடுகிறது.

செவ்வாய்ப்பேட்டை ஹார்டுவேர்:

போட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கார்பனைக் கழற்றிப் பாருங்கள். 5, 6 மில்லிக்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. காற்றுத் துவாரத்தில் அடைந்திருக்கிற தூசியை ஊதி எடுங்கள். புதுக் கார்பன் போட்டும் பொறி குறையவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் ஆர்மேச்சர் போய்விட்டது, அப்போது செலவு செய்யாதீர்கள். சரியாகிவிட்டால் அதில் ஃபிளாப் டிஸ்க்கை நிரந்தரமாக மாட்டி வையுங்கள், புதியதைக் கட்டிங்குக்கு விடலாம். சேலம் வரும்போது பழைய கார்பனைக் கையில் எடுத்து வாருங்கள். மாடல் பெயர் அழிந்திருந்தாலும் அளவு பார்த்துக் கொடுத்துவிடலாம்.