‘குடந்தை இல்லம்’ குழுவில் கேபிள் விவாதம்

பெரியப்பா, காலை 7.05
எல்லோருக்கும் காலை வணக்கம். நேற்று கேபிள்காரர் வந்து 354 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். எப்படி இந்தத் தொகை வந்தது என்று கேட்டு, ரசீதின் பின்பக்கத்தில் அவர் கையாலேயே எழுதி வாங்கினேன். இணைப்புக் கட்டணம் 130, சேனல்களுக்கு 170, ஆக 300. அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 4,248 ரூபாய் ஆகிறது. இன்டர்நெட்டுக்கு மாதம் 589 ரூபாய் தனியாகக் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் இந்த இன்னொரு வயர் எதற்கு? நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வழக்கம்போல் முழு வாக்கியமாக, தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். தங்கிலீஷைப் படித்துப் புரிந்துகொள்ளும் பொறுமை எனக்கு இல்லை.

அத்தை, காலை 7.18
தாராளமாக நிறுத்துங்கள் அண்ணா. மதுரையில் நாங்கள் எப்போதோ நிறுத்திவிட்டோம், ஒருவரும் அதைத் தேடவில்லை. புதிய தலைமுறை, தந்தி, சன் நியூஸ் எல்லாமே யூடியூபில் நாள் முழுவதும் நேரலையாக ஓடுகின்றன. அதற்கு யாரும் காசு கேட்பதில்லை.

பெரியம்மா, காலை 7.21
உன் வீட்டில் சீரியல் பார்க்க ஆள் இல்லை. இங்கே உன் அம்மாவும் நானும் இருக்கிறோம். உன் அண்ணன் செய்தியும் கிரிக்கெட்டும் மட்டுமே தொலைக்காட்சி என்று நினைத்துக்கொண்டு எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குழுவில் போட்டுவிட்டார்.

அத்தை, காலை 7.22
அம்மாவை மறந்துவிட்டேன் அண்ணி. அது பெரிய விஷயம்தான்.

அக்கா, காலை 8.40
அப்பா, கேபிளையும் இன்டர்நெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலையைப் பார்ப்பதைவிட, நம் வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று எழுதிவிட்டு அங்கிருந்து கணக்கைத் தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன். பாட்டி பார்ப்பது சன் டிவி சீரியல்கள், பிறகு கேடிவியில் பழைய படம். அம்மா பார்ப்பது விஜய் டிவி. நீங்கள் பார்ப்பது செய்தி, இந்தியா ஆடும் கிரிக்கெட். இதில் செய்திக்கு அத்தை சொன்னதுபோல் யூடியூப் போதும். ஆனால் சீரியலுக்கு வந்தால் சன் டிவிக்கு சன் நெக்ஸ்ட், விஜய்க்கு ஜியோஹாட்ஸ்டார், நாளைக்கு யாராவது ஜீ தமிழில் ஒரு தொடர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் ஜீ5 என்று ஒவ்வொரு குழுமமும் தன் சரக்கைத் தன் கடையில்தான் விற்கிறது. ஒவ்வொன்றாகச் சந்தா கட்டிக்கொண்டே போனால் கேபிளுக்குக் கொடுத்த அதே பணத்தை நாலு இடத்தில் கொடுத்துக்கொண்டிருப்போம்.

நான், காலை 8.52
அக்கா, ஜியோஹாட்ஸ்டாரில் மூன்று மாதத்துக்கு 149 ரூபாய்தான் என்று பார்த்த நினைவு. மாதம் ஐம்பது ரூபாய்கூட வரவில்லையே.

அக்கா, காலை 8.58
அது ஒரே ஒரு கைபேசியில் பார்ப்பதற்கான திட்டம், தொலைக்காட்சியில் வராது. 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றானபோது அறிவித்த விலைப்படி, தொலைக்காட்சியிலும் பார்க்க வேண்டுமானால் மூன்று மாதத்துக்கு 299 ரூபாய், விளம்பரம் இல்லாத திட்டம் 499 ரூபாய். விலையை அவ்வப்போது மாற்றுகிறார்கள் என்பதால் கட்டும் அன்று பார்த்துக்கொண்டு கட்ட வேண்டும். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் கைபேசித் திட்டத்தின் விலைதான்.

பெரியப்பா, காலை 9.10
எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் பார்த்தால் டேட்டா தீர்ந்துபோகாதா?

நான், காலை 9.16
தீராது பெரியப்பா. உங்கள் திட்டத்தில் மாதம் 3,300 ஜிபி வரை முழு வேகம் உண்டு. எச்டி தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் 3 ஜிபி செலவாகும். அப்படியென்றால் 1,100 மணி நேரம் பார்க்கலாம். மாதத்தில் இருப்பதே 720 மணி நேரம்தான். இராப்பகலாக ஓடவிட்டாலும் மிச்சம் இருக்கும். ஆனால் கூடத்தில் இருப்பது ஸ்மார்ட் டிவி இல்லை என்பதால் பின்னால் எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்டிக் ஒன்று வாங்க வேண்டும். அது 3,000 முதல் 5,000 ரூபாய் வரை ஆகும். அதாவது கிட்டத்தட்ட ஓர் ஆண்டுக் கேபிள் கட்டணத்தை அந்த ஸ்டிக்கே விழுங்கிவிடும்.

பெரியப்பா, காலை 9.20
மொட்டைமாடியில் அந்தக் காலத்து ஆன்டெனா இன்னும் துருப்பிடித்து நிற்கிறதே, அதில் தூர்தர்ஷனாவது வருமா?

சித்தப்பா, காலை 9.47
வராது அண்ணா. தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை, மிகச் சிலவற்றைத் தவிர, 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிட்டது. அந்தக் கம்பியைப் பழைய இரும்புக்காரருக்குப் போடலாம். ஆனால் நீங்கள் கிரிக்கெட்டுக்காகத்தான் தவிக்கிறீர்கள் என்றால் டிடி ஃப்ரீ டிஷ் என்று ஒன்று இருக்கிறது. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2004ஆம் ஆண்டிலிருந்து நடத்திவருவது. ஒருமுறை டிஷ்ஷுக்கும் பெட்டிக்கும் ஏறத்தாழ 2,000 ரூபாய் செலவழித்தால் அதற்கப்புறம் மாதக் கட்டணம் என்ற பேச்சே கிடையாது. குறை என்னவென்றால் அதில் இந்திச் சேனல்களின் ஆட்சிதான். தமிழில் டிடி தமிழ் வரும். நம் வீட்டுப் பெண்கள் கேட்கும் சன் டிவியும் விஜய் டிவியும் அதில் இல்லை.

பெரியம்மா, காலை 9.50
“நம் வீட்டுப் பெண்கள்” என்கிறீர்கள். ராத்திரி எட்டரைக்கு அந்தக் கதையில் அடுத்து என்ன ஆகும் என்று என்னிடம் கேட்பது உங்கள் அண்ணன்தான்.

சித்தப்பா, காலை 10.04
அண்ணி சொன்னால் சரிதான். கிரிக்கெட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், அண்ணா இதைப் பலமுறை கேட்டிருக்கிறார். இந்தியா ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்களை உரிமை வாங்கிய தனியார் சேனல் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2007இல் ஒரு சட்டம் வந்தது. அதனால்தான் டிடி ஸ்போர்ட்ஸில் மேட்ச் காட்டுகிறார்கள். ஆனால் நம் கேபிளில் அதே டிடி ஸ்போர்ட்ஸை வைத்தால் மேட்ச் இருக்காது, வேறு ஏதாவது நிகழ்ச்சி ஓடும். காரணம், அப்படிப் பகிர்ந்துகொள்ளும் ஒளிபரப்பு தூர்தர்ஷனின் சொந்த டிரான்ஸ்மிட்டரிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே போகலாம், தனியார் கேபிள் வழியாகவும், மாதக் கட்டணம் வாங்கும் தனியார் டிஷ் சேவையான டிடிஎச் வழியாகவும் போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது. மாதம் 354 ரூபாய் கட்டுபவருக்குக் கிடைக்காத ஆட்டம் ஒரு பைசா கட்டாதவருக்குக் கிடைப்பது இந்த நாட்டில் அபூர்வமாக நடக்கும் நியாயம். ஐபிஎல் மட்டும் இந்தச் சட்டத்துக்குள் வராது.

பெரியப்பா, காலை 10.09
இத்தனை நாளும் கேபிள்காரர்தான் வேண்டுமென்றே மறைக்கிறார் என்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். சரி, டிஷ் வைக்க நம் மாடியில் வசதி உண்டா? பக்கத்து வீட்டுத் தென்னை மறைக்குமே.

சித்தப்பா, காலை 10.21
அந்தச் செயற்கைக்கோள் கிழக்கே 93.5 பாகையில் நிற்கிறது. கும்பகோணத்திலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, கிட்டத்தட்ட 70 பாகை உயரத்தில், ஏறக்குறைய தலைக்குமேல் இருக்கிறது. அதனால் சற்றுத் தள்ளி நிற்கும் மரம் அவ்வளவாக மறைக்காது. நேராக மட்டை மேலே கவிந்திருந்தால்தான் தொல்லை. மாட்டுபவரிடம் டிஷ்ஷின் காலைச் சுவரில் இறுக்கமாக முடுக்கச் சொல்லுங்கள், இரண்டு விரல் அசைந்தாலே படம் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படம் சதுரம் சதுரமாக உடைந்து நிற்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் கூப்பிட்டுக் கோபிக்கக் கூடாது.

பெரியம்மா, காலை 10.40
எல்லோரும் பெரியவரின் கிரிக்கெட்டையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். பாட்டிக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. கேபிள் ரிமோட்டில் சன் டிவிக்கான பட்டனில் சிவப்பு ஒட்டுப்பொட்டும் கேடிவிக்குப் பச்சைப் பொட்டும் ஒட்டி வைத்திருக்கிறேன். விரலால் தடவிப் பார்த்து அவரே வைத்துக்கொள்வார். போன மாதம் நம் வீட்டில் லேப்டாப்பை டிவியில் இணைத்துக் காட்டினார்களே, முதலில் யார் பார்க்கிறீர்கள் என்று நாலு முகம் போட்டுக் கேட்டது, பிறகு எந்த நிகழ்ச்சி என்று கேட்டது, பிறகு ‘தொடரவா’ என்று கேட்டது. பாட்டி எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். பகலில் நானும் இல்லாத நேரத்தில் அவருக்கு யார் இதையெல்லாம் அமுக்கிக் கொடுப்பது? அதுவுமில்லாமல் சாரங்கபாணி கோயில் சித்திரைத் தேரை லோக்கல் சேனலில்தான் அவர் பார்க்கிறார். நடந்துபோய்ப் பார்க்கும் வயதா அவருக்கு?

அத்தை, காலை 10.46
அண்ணி சொல்வதுதான் சரி. அம்மாவின் ரிமோட்டில் யாரும் கை வைக்க வேண்டாம். ஆனாலும் 354 ரூபாய் அதிகம்தான். 2011இல் அரசு கேபிள் மறுபடியும் வந்தபோது மாதம் 70 ரூபாய்தானே வாங்கினார்கள்?

அக்கா, காலை 11.15
அது அனலாக் காலம் அத்தை. இப்போது எல்லாம் செட்டாப் பாக்ஸ். ஆனால் அதிலேயே நமக்குச் சாதகமான ஒரு வழி இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி ஒவ்வொரு கட்டணச் சேனலையும் தனித்தனியாகவும் கொடுத்தாக வேண்டும். பல சேனல்களைக் கட்டாகச் சேர்த்து விற்கும் பேக் எடுத்தால்தான் தருவேன் என்று யாரும் சொல்லக் கூடாது. இப்போது நாம் கட்டும் 170 ரூபாயில் விளையாட்டு, கார்ட்டூன், ஆங்கிலப் படம், பெயரே தெரியாத இசைச் சேனல் எல்லாம் இருக்கின்றன. பேக்கை எடுத்துவிட்டுச் சன் டிவி, கேடிவி இரண்டை மட்டும், ஒன்றுக்கு 19 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம், தனியாக எழுதிக் கொடுத்தால் 130உம் 38உம் சேர்ந்து 168. ஜிஎஸ்டியோடு 198 ரூபாய் 24 காசு. மாதம் 155 ரூபாய்க்கு மேல் மிச்சம். இலவசச் சேனல்கள், லோக்கல் சேனல் எல்லாம் அப்படியே வரும், பாட்டியின் பொட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். நாம் செலவு என்று நினைப்பது வயரை. உண்மையில் பணம் போவது பேக்குக்குள்தான். 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பை டிராய் எடுத்துவிட்டது. அதனால் பேக்கைக் குறைத்ததும் இணைப்புக் கட்டணத்தை ஏற்றிவிடப் போகிறாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியம்மா, காலை 11.19
விஜய் டிவி எங்கே போயிற்று?

அக்கா, காலை 11.24
அதையும் தனிச் சேனலாகச் சேர்க்கலாம் அம்மா, அதற்கும் 19 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஜிஎஸ்டியோடு இன்னும் 22 ரூபாய் 42 காசு கூடும். ஜியோஹாட்ஸ்டாரில் போட்டால் நான் சொன்ன அந்த 2025 விலைப்படியே மாதம் நூறு ரூபாய் வரும், மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். கேபிளிலேயே வைத்துக்கொள்வதுதான் மலிவு.

நான், காலை 11.31
அப்படியானால் ஸ்டிக் வாங்கவும் வேண்டாம். செய்தியைப் பெரியப்பா கைபேசியிலேயே யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம். 2024 நவம்பரில் பிரசார் பாரதி தொடங்கிய வேவ்ஸ் செயலியையும் போட்டுவிடுகிறேன், அதில் தூர்தர்ஷன் சேனல்கள் இலவசம்.

பெரியப்பா, காலை 11.38
கைபேசியில் கிரிக்கெட் பார்த்தால் பந்து எங்கே போகிறது என்றே தெரியாது. மாடி அறையில் சும்மா இருக்கும் சின்ன டிவிக்கு ஃப்ரீ டிஷ் போட்டுவிடுகிறேன். அந்த 2,000 ரூபாய், பேக்கைக் குறைத்த மிச்சத்தில் ஓர் ஆண்டு ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிடும்.

பெரியம்மா, காலை 11.41
விஜய்க்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், இன்னும் இரண்டு மாதம் கூடும். ஆனால் மேட்ச் நாளில் கூடம் எங்களுக்கு என்றால் எனக்குச் சம்மதம்.

சித்தப்பா, பிற்பகல் 12.05
அடுத்த வாரம் நானே திருச்சியிலிருந்து வந்து டிஷ்ஷைத் திருப்பி வைத்துத் தருகிறேன், ஆளுக்குத் தனியாகக் கூலி கொடுக்க வேண்டாம். பெட்டியை மட்டும் எம்பெக்-4 என்ற புதிய வகைப் படச் சுருக்க முறை உள்ளதாகப் பார்த்து வாங்கி வையுங்கள். பழைய வகைப் பெட்டியைத் தலையில் கட்டிவிடுவார்கள், அதில் சில சேனல்கள் வராது.

பெரியப்பா, பிற்பகல் 12.12
நல்லது. சன் டிவி, கேடிவி, விஜய் டிவி மூன்றும் தனித்தனியாக வேண்டும், பேக் வேண்டாம் என்று தாளில் எழுதி, தேதி போட்டு, கேபிள்காரரிடம் இன்று மாலையே கொடுத்துவிடுகிறேன். மறுத்தால் அந்த டிராய் விதியை யாராவது எனக்குத் தமிழில் அனுப்பி வையுங்கள்.