பரிசல் ஏன் சுற்றுகிறது? குகன் ஓட்டியதும் பரிசலா?

கேள்வி: ஒகேனக்கல்லில் துடுப்புப் போட்டால் பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றுகிறதே, பரிசல்காரர் எப்படி நேராக ஓட்டுகிறார்? குகன் ஓட்டியதும் இதுதானா?

பதில் 1: அடி வட்டம், பக்கவாட்டில் வலித்தால் சுற்றத்தான் செய்யும். போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, துடுப்பை முன்னால் எட்டிக் குத்தி, நீரைத் தன் பக்கம் இழுக்கணும்.

பதில் 2: எதிர்த்துறைக்கு நேரே கிளம்பாதீங்க, நீரோட்டம் கீழே தள்ளிவிடும். கரையோரமாகவே மேலே கொண்டுபோய் அப்புறம்தான் ஆற்றில் விடணும். ஆட்களை எதிரெதிரே உட்கார வையுங்க. யாரும் எழக்கூடாது, செல்ஃபிக்கும்தான்! மூங்கில் பின்னலுக்கு முன்பு தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். பாறை உரசித் தார் உரிந்த இடத்தில்தான் கசியும்.

பதில் 3: குகன் கங்கைக்கரை வேடர் தலைவன். கம்பர் அவனுக்கு ஆயிரம் ஓடம் தருகிறார். வால்மீகியிலோ அவன் துடுப்பே பிடிப்பதில்லை. ஓடத்தை வரவழைத்து, தன் ஆட்களை ஓட்டச் சொல்கிறான்.