ட்ரெட்மில்லில் வைத்த ஆர்சி (ரிமோட்டில் ஓட்டும்) விமானம் கிளம்பவில்லை, உதவி தேவை

கரும்பலகை77:
அவசரம். நாளை கல்லூரியில் செய்து காட்ட வேண்டும். விமானத்துக்கு ஈடுகொடுத்து எதிர்ப்பக்கம் ஓடும் கன்வேயர் பெல்ட்டிலிருந்து அது கிளம்புமா என்பதுதான் தலைப்பு. ட்ரெட்மில்லில் வைத்துப் பார்த்தோம், கிளம்பவே இல்லை. அப்போ கிளம்பாது என்றே எழுதிவிடலாமா?

நூல்பட்டம்:
என்ன விமானம்? ப்ரொப்பல்லர் எங்கே இருக்கிறது? பெல்ட் என்ன வேகம்? ஒன்றுமே சொல்லாமல் எப்படித் தம்பி?

மதுரைவீதி:
பேட்டரிதான். பழைய பேட்டரியில் இழுவை இருக்காது. முதலில் அதை மாற்றுங்கள்.

கனகு_ஏரோ:
பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் வழக்கமே போய்விட்டது. கார் ஓடுவது எஞ்சின் சக்கரத்தைச் சுற்றுவதால். விமானச் சக்கரம் சும்மா உருள்வது; ப்ரொப்பல்லர் காற்றைப் பின்னால் தள்ளித்தான் விமானம் முன்னே போகிறது. அதே வேகத்தில் பெல்ட் எதிர்ப்பக்கம் ஓடினால் சக்கரம் இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றும், அவ்வளவுதான். 2008 ஜனவரியில் மித்பஸ்டர்ஸ் டிவி நிகழ்ச்சியில் நீளமான விரிப்பை வண்டி கட்டி இழுத்து, அதன்மேல் நிஜ அல்ட்ராலைட் (மிக லேசான) விமானத்தையே கிளப்பிக் காட்டினார்கள். பிளஸ் டூ இயற்பியல் தெரிந்தாலே போதும்.

நூல்பட்டம்:
தம்பி, முழு த்ராட்டில் (மோட்டார் வேகம்) கொடுத்தால் நின்ற இடத்திலேயே நிற்கிறதா, முன்னால் போகிறதா?

கரும்பலகை77:
ஃபோம் ட்ரெய்னர் (ஓட்டிப் பழகும் விமானம்), மூக்கில் ப்ரொப்பல்லர். கொஞ்சமாகக் கொடுத்தால் நிற்கிறது. முழுசாகக் கொடுத்தால் முன்னால் பாய்ந்து ட்ரெட்மில்லின் மோட்டார் மூடியில் இடிக்கிறது. ப்ரொப்பல்லர் முனை பிய்ந்துவிட்டது.

நூல்பட்டம்:
விடையே அதுதான்! பெல்ட் பின்னால் ஓடியும் விமானம் முன்னால் பாய்ந்திருக்கிறது. எழும்ப வேண்டுமானால் இறக்கைமேல் காற்று வேகமாக ஓட வேண்டும், அதற்கு ஓடுபாதை வேண்டும். ட்ரெட்மில்லில் அந்த நீளம் ஏது? மைதானத்தில் தார்ப்பாயை விரித்து, இரண்டு பேர் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடுங்கள். ப்ரொப்பல்லரை மாற்றிவிட்டு ஓட்டுங்கள், பிய்ந்தது அதிரும்.

வால்நட்சத்திரம்:
கனகு சார், பெல்ட் ஈடுகொடுப்பது விமானத்தின் வேகத்துக்கா, சக்கரத்தின் வேகத்துக்கா? வழுக்காமல் உருளும் சக்கரத்தின் வேகம் என்பது விமான வேகமும் பெல்ட் வேகமும் சேர்ந்தது. சக்கர வேகமும் பெல்ட் வேகமும் சமம் என்றால் விமான வேகம் பூஜ்யம்தானே?

கனகு_ஏரோ:
அது நடக்காத நிபந்தனை. விமானம் ஓர் அங்குலம் நகர்ந்தாலே அந்த நிபந்தனை உடைந்துவிடும்.

வால்நட்சத்திரம்:
நகரவிடாமல் பிடிக்க முடியும் சார். பெல்ட் நிற்காமல் வேகம் கூட்டிக்கொண்டே போனால், சக்கரத்தைச் சுழற்றும் உராய்வு விமானத்தைப் பின்னால் இழுக்கும். சீரான வேகம் வேறு, முடுக்கம் வேறு.

மதுரைவீதி:
அதற்குள் டயர் வெடித்துவிடுமே?

கனகு_ஏரோ:
பெரிய விமானம் என்றால் சாதாரண இரண்டு மடங்குக்கே ஆபத்துதான். பயணிகள் விமான டயர்கள் பலவற்றுக்கு வரம்பு மணிக்கு சுமார் 360 கி.மீ. கிளம்பும் வேகமே 250ஐத் தாண்டும். இரட்டிப்பாக்கிப் பாருங்கள்.

வால்நட்சத்திரம்:
டயர் வரம்பை விடுங்கள் சார், என் முடுக்கக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கரும்பலகை77:
தார்ப்பாய் இழுத்தோம், கிளம்பிவிட்டது. நன்றி அண்ணா.

நூல்பட்டம்:
அருமை! காற்று எந்தப் பக்கம் அடித்தது? எதிர்க்காற்றாக இருந்தால் தார்ப்பாயைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை ஓட்டிவிடு, நாளைக்குக் கட்டாயம் கேட்பார்கள்.