ரவுட்டர் வாங்கிய கதை, வைத்த கதை: உங்கள் வீட்டில் எப்படி?

காரைக்குடிப் பக்கம்

எந்தப் பெட்டி எவ்வளவு விலை, எத்தனை ஆன்டெனா என்று சொல்ல ஆயிரம் வீடியோ கிடக்கிறது. வீட்டில் கொண்டுவந்து மாட்டிய பிறகு என்ன நடந்தது என்பதை மட்டும் இங்கே எழுதுவோம். நானே தொடங்குகிறேன்.

எங்களுடையது அந்தக் காலத்து வீடு. முகப்பு, அதைத் தாண்டி வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), பிறகு இரண்டாம் கட்டு, அடுப்படி, கடைசியில் பின்தெருவைப் பார்த்த வாசல். ஃபைபர் முன்தெருக் கம்பத்திலிருந்து வருவதால் ஃபைபர் வெளிச்சத்தை நெட்டாக மாற்றும் ஓஎன்டி பெட்டி முகப்பிலேயே உட்கார்ந்துவிட்டது. வைஃபையும் அதற்குள்ளேயேதான். முகப்பில் நின்று பார்த்தால் 100 எம்பிபிஎஸ் முழுசாக வரும். இரண்டாம் கட்டில் ஆயா வீடியோ காலில் பேரனைப் பார்த்தால் அவன் முகம் கட்டம் கட்டமாக உடையும். ஒவ்வொரு சுவரும் ஒன்றரை அடிக்குக் குறையாது, செங்கல்லும் சுண்ணாம்பும். கதவு தேக்குதான் என்றாலும் அலை அதைத் தாண்டிவிடுகிறது. சுவர்தான் விடமாட்டேன் என்கிறது.

கடையில் எட்டு ஆன்டெனா வைத்த ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் இங்கிருந்து கத்திக் கூப்பிட்டால் ஆயாவுக்குக் கேட்கும், ஆயா பதில் சொல்வது நமக்குக் கேட்க வேண்டாமா? போனுக்குள் இருக்கும் ஆன்டெனா சின்னது, அது அனுப்பும் சக்தியும் கொஞ்சம்தான். போகும் வழியை மட்டும் பலப்படுத்தினால் போனில் கோடு நிறையத் தெரியும், வேகம் வராது.

கோயம்புத்தூரில் நெட்வொர்க் வேலை பார்க்கும் அண்ணன் மகன், "சித்தப்பா, சுவரோட மல்லுக்கட்டாதீங்க, ஒயர இழுங்க" என்றான். அப்படியே செய்தோம். முகப்பிலிருந்து தாழ்வாரத்து உத்தரத்தை ஒட்டியே பெட்டிகளை இணைக்கும் கேட்6 வகை லேன் கேபிள் ஒன்று. லேன் கேபிள் நூறு மீட்டர் வரை தாங்கும், எங்கள் வீடு எவ்வளவு நீளம் என்றாலும் அதற்குள் அடங்கிவிடும். முழுச் செம்புக் கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுச் சரக்கு கடையில் நிறைய ஓடுகிறது. கையில் எடுத்தாலே எடை குறைவது தெரியும்.

மறுமுனைக்குப் புதிதாக எதுவும் வாங்கவில்லை. பரணில் கிடந்த பழைய ரவுட்டரை எடுத்து அதன் டிஹெச்சிபியை (போன், லேப்டாப்புக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணைத்தோம். முகவரி முன்பெட்டியோடு மோதாமல் இருக்க 192.168.1.2 என்று மாற்றினோம். ஒயரை, வெளியிலிருந்து நெட் வாங்கும் வான் ஓட்டையில் செருகாமல், வீட்டுக் கருவிகளுக்கான லேன் ஓட்டையில் செருகினோம். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் முன்பெட்டியில் உள்ளதேதான். ஆயா முகப்புக்கும் அடுப்படிக்கும் நடந்தால் போன் தானாக மாறிக்கொள்கிறது. மாறும்போது சில சமயம் ஒரு நொடி திக்கும், அவ்வளவுதான்.

வைத்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அறைக்குள் வைக்காமல் வளவைப் பார்த்த தாழ்வாரத் தூணில் மாட்டினோம், சாரல் எட்டாத உயரத்தில். முற்றம் திறந்த வெளி. எதிர்ச்சாரி அறைக்குப் போகிற அலைக்கு இப்போது ஒரே ஒரு சுவர்தான் குறுக்கே. பழைய வீடு வைத்திருப்பவர்கள் முதலில் முற்றத்தைப் பயன்படுத்திப் பாருங்கள்.

பெரும்பாக்கம், ஆறாவது மாடி

எங்களுக்குச் சுவர் தொல்லையே இல்லை, அக்கம்பக்கம்தான் தொல்லை. போனில் வைஃபை அனலைசர் செயலியைத் திறந்தால் பட்டியல் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. மேல்வீடு, கீழ்வீடு, எதிர் பிளாக், எல்லாருடைய வைஃபையும் எங்கள் ஹாலில்தான் குடியிருக்கிறது.

வைஃபை 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் ஓடும். 2.4-ல் 13 சேனல், அதாவது 13 தடம் காட்டும். ஆனால் ஒன்றோடொன்று உரசாமல் நிற்பவை 1, 6, 11 மட்டும்தான். எங்கள் தளத்தில் கிட்டத்தட்ட எல்லாருமே 6-ல் குவிந்திருந்தார்கள். ஒரு புண்ணியவான் மட்டும் காலியாக இருக்கட்டுமே என்று 9-ல் வைத்திருக்கிறார். அவர் 6-ல் இருப்பவர்களையும் கெடுக்கிறார், 11-ல் இருப்பவர்களையும் கெடுக்கிறார். நான் 11-க்கு மாறி, சேனல் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20-க்குக் குறைத்தேன். அகலம் குறைந்தால் வேகத்தின் எண் குறையும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். குறைந்தது உண்மைதான். ஆனால் ஆபீஸ் மீட்டிங்கில் குரல் அறுபடுவது நின்றது. எனக்கு வேண்டியது அதுதான்.

இன்னொன்று. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் அதே 2.4 சொச்சத்தில்தான். அத்தை பால் சூடாக்கும்போதெல்லாம் என் லேப்டாப் திணறியதற்குக் காரணம் தெரியாமல் வெகுநாள் கம்பெனி நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன்னைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

வேலைக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ்தான் சரி. நம் நாட்டில் 2018-ல் அந்த அலைவரிசையில் நிறைய இடத்தை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள், அதனால் நெரிசல் கம்மி. சேனல் 36-லிருந்து 48 வரை ஒரு கொத்து, 149-லிருந்து மேலே இன்னொரு கொத்து. எங்கள் பிளாக்கில் எல்லாரும் கீழ்க்கொத்தில் இருந்ததால் நான் 149-க்குப் போனேன். ஆனால் எட்டுமா என்றால், படுக்கையறைக் கதவைச் சாத்தினால் ஒரு கோடு குறையும், குளியலறைச் சுவரையும் தாண்ட வேண்டும் என்றால் சந்தேகம். அதனால் 2.4-ஐ முழுதாக அணைக்காதீர்கள்.

அணைக்காமல் இருக்க வேறு காரணமும் உண்டு. ஸ்மார்ட் பிளக், வாசல் கேமரா எல்லாம் பெரும்பாலும் 2.4 மட்டும்தான் அறியும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து ரவுட்டரே பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டால், முதல்முறை இணைக்கும்போது போன் 5-ல் நிற்கும், பிளக் 2.4-ல் தேடும், இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. கேமரா பழுது என்று திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். இணைக்கிற அந்தப் பத்து நிமிஷம் 5-ஐ அணைத்து வையுங்கள், பிறகு போட்டுக்கொள்ளலாம்.

ஈரோடு, லைன்ல போறவன்

நான் கேபிள் ஆபரேட்டர்கிட்ட வேலை பாக்குறவனுங்க. ஃபைபர் இழுக்கறது, இழைய ஒட்டற ஸ்ப்ளைசிங், கம்ப்ளெயின்ட்டு எல்லாம் நாந்தான். நீங்க உங்க வீட்டச் சொல்றீங்க, நான் ஊர் வீட்டயெல்லாம் சொல்றேனுங்க.

நெட்டு மெதுவா வருதுன்னு கூப்புடுற வீட்டுல பாதி வீட்டுல ரவுட்டரு டிவிக்குப் பின்னாடிதானுங்க இருக்கும். இல்லீனா இரும்பு பீரோ மேல. இரும்பு அலையத் திருப்பி அனுப்பீரும். ஒரு வீட்டுல மீன் தொட்டிக்குப் பின்னாடி வெச்சிருந்தாங்க. தண்ணி அலைய உறிஞ்சிக்குமுங்க, தொட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கற ரூமுல ஒண்ணுமே இல்ல. தூசி அண்டக்கூடாதுன்னு பூப்போட்ட துணிய மேல மூடி வெப்பாங்க பாருங்க, அத எடுக்கச் சொன்னா அம்மாமாருக்குக் கோவம் வரும். சித்திர வெயில்ல அந்தத் துணிக்குள்ள பெட்டி கொதிச்சுக் கெடக்குமுங்க. சூடு ஏறுனா அதுவா ஆஃப் ஆகி ஆன் ஆகும், நாங்க லைன்ல பிரச்சினைன்னு கம்பம் கம்பமா ஏறிட்டிருப்போம்.

அடுத்தது ஒயரு. ஃபைபருக்குள்ள இருக்கறது கண்ணாடி இழைங்க. அழகா இருக்கட்டும்னு சுருட்டி டேக் போட்டு இறுக்கீருவாங்க. மடிப்புல வெளிச்சம் கசிஞ்சு போயிரும். ஓஎன்டில லாஸ்னு செவப்பு லைட்டு மினுக்குச்சுன்னா ரவுட்டர ரீசெட் பண்ணாதீங்க, அது உள்ள வர்ற வெளிச்சம் பத்தலைன்னு அர்த்தம். வெளிச்சம் அளக்கற மீட்டர் வெச்சா மைனஸ் இருபது டிபிஎம் பக்கம் காட்டுனா நல்லது. மைனஸ் 27 தாண்டுச்சுன்னா நின்னு நின்னு வரும். பச்ச மூடி கனெக்டரயும் நீல மூடியயும் மாத்தி மாட்டக்கூடாதுங்க. பச்ச முனைய எட்டு டிகிரி சாய்வாத் தேச்சிருப்பாங்க, நீலம் நேரா இருக்கும். ரெண்டும் ஒட்டாது.

அப்பறம் இந்தச் சண்டை வாராவாரம் நடக்கும்: "200 பிளானு போட்டிருக்கேன், 95-க்கு மேல வரமாட்டேங்குது, ஏமாத்துறீங்களா?" லேப்டாப்ப நேரா ஓஎன்டில மாட்டிக் காட்டுவேன், 200 ஓடும். அப்ப எங்கீங்க போச்சு? ரெண்டு எடம். ஒண்ணு ரவுட்டரு. அட்டப்பெட்டில ஏசி1200-ன்னு கொட்ட எழுத்துல போட்டிருக்கும். அது 2.4-ல 300, 5-ல 867, ரெண்டயும் கூட்டி ரவுண்டு பண்ணுன நம்பருங்க. ஒரு போனுக்கு அது மொத்தமும் வராது. ஒயரு செருகற போர்ட்டு 10/100-ன்னு பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கும். வாசலே நூறுன்னா உள்ள எப்பிடிங்க எரநூறு வரும்? ஆயிரம் வரைக்கும் போற கிகாபிட் போர்ட்டான்னு கேட்டு வாங்குங்க.

ரெண்டாவது லேன் கேபிளு. உள்ள எட்டுக் கம்பி. நூறு வரைக்கும் நாலு கம்பியே போதும், அதுக்கு மேலன்னா எட்டும் உயிரோட இருக்கோணும். நூறுக்கு வேண்டாத அந்த மிச்ச நாலுல ஒரு கம்பி அந்துபோனா நெட்டு நிக்காது, சத்தமில்லாம நூறுக்கு எறங்கீரும். சில எலக்ட்ரீசியன் அண்ணமாரு ஒரே கேபிளப் பிரிச்சு நாலு கம்பிய கம்ப்யூட்டருக்கும் நாலு கம்பிய கேமராவுக்கும் குடுத்திருப்பாங்க. வீடு கட்டுனவருக்கே அது தெரியாது.

கம்பம் பக்கம், தோட்டத்து வீடு

எங்கள் தோட்டத்துக்கு ஃபைபர் வரவில்லை. சிம் போடும் 4ஜி ரவுட்டர்தான். இதற்கு வைக்கும் இடம் இன்னும் முக்கியம். ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று, டவர் சிக்னலின் பலத்தைச் சொல்லும் ஒரு எண் காட்டும். மைனஸ் 110 என்றால் நோஞ்சான், மைனஸ் 90-க்குள் வந்தால் தெம்பு. நடு ஹாலில் 112 காட்டியது, டவர் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலில் 96. வீட்டுக்குள் வைஃபை பரவுவதற்கு நடுவீடு நல்லது, டவருக்கு ஜன்னல் நல்லது. நான் ஜன்னலைத்தான் எடுத்துக்கொண்டேன். தகர ஷீட் போட்ட கொட்டகைக்குள் வைக்கவே வைக்காதீர்கள்.

நாகர்கோவில்

கரண்ட் போனாலும் நெட் போகக்கூடாது என்பவர்களுக்கு. நடுவழியில் ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். ஆபரேட்டர் பக்கம் பேட்டரி ஓடினால், நம் வீட்டில் ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் உயிர் இருந்தால் போதும். அதற்கு மினி யுபிஎஸ். வாங்கும் முன் இரண்டு அடாப்டரையும் திருப்பிப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், ஆனால் 9 வோல்ட் பெட்டிகளும் உண்டு, அதில் 12 கொடுத்தால் புகைதான். ஒரே யுபிஎஸ்ஸில் இரண்டையும் மாட்டினால் ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள். ஒன்று 1, மற்றது 1.5 என்றால் 2 ஆம்பியர் யுபிஎஸ் போதாது.

மழைக்காலத்தில் எங்கள் ஊர் இடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தொலைபேசிக் கம்பியில் பிராட்பேண்ட் வந்த காலத்தில் ஐப்பசி பிறந்தால் மோடம் போகாத தெருவே கிடையாது. ஃபைபர் கண்ணாடி, அதன் வழியாக மின்னல் வராது. ஆனால் மொட்டைமாடி வழியே வெளியில் லேன் கேபிள் இழுத்திருந்தால் அது செம்பு. இடி தொடங்கும் முன்பே கழற்றிவிடுங்கள்.

பெரும்பாக்கம், ஆறாவது மாடி

ஈரோட்டுத் தம்பி, ஒரு சந்தேகம். கம்பெனி கொடுத்த ஓஎன்டிக்குப் பின்னால் நாமே ரவுட்டர் வாங்கி மாட்டினால் எதை எப்படி வைக்க வேண்டும்?

ஈரோடு, லைன்ல போறவன்

ஓஎன்டியக் கழட்ட முடியாதுங்கக்கா. அதோட சீரியல் நம்பரு எங்க பக்கத்து மிஷின்ல பதிஞ்சிருக்கும். ரெண்டு வழி இருக்குது.

சும்மா ஓஎன்டி லேன்ல இருந்து புது ரவுட்டரு வான்ல செருகுனாலே ஓடும். படம் பாக்க, பாடம் படிக்க ஒரு கொறையும் இருக்காது. ரெண்டு பெட்டியும் 192.168.1.1-ன்னே இருந்தா மட்டும் ஒண்ண மாத்திருங்க. ஓஎன்டி வைஃபைய அணைச்சிருங்க, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கத்திட்டு இருக்க வேண்டாம்.

கேம் ஆடுற பசங்க இருந்தா, ஆபரேட்டர்கிட்டச் சொல்லி ஓஎன்டிய பிரிட்ஜ் மோடுல, அதாவது ரவுட்டர் வேலைய விட்டுட்டு லைன மட்டும் கடத்திவிடற மாதிரி போடச் சொல்லுங்க. அப்ப ரவுட்டர்ல பிபிபிஓஇ-ங்கற லாகின் முறையத் தேர்ந்தெடுத்து உங்க யூசர் ஐடி, பாஸ்வேர்டு போடோணும். நெறைய எடத்துல நெட்டுப் போற தடத்தக் குறிக்கற விலான் நம்பரும் கேக்கும். இந்த மூணையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிட்டு அப்பறம் பெட்டியத் தொடுங்க. ஞாயித்துக்கெழம ராத்திரி பிரிட்ஜுல போட்டுட்டு பாஸ்வேர்டு தெரியலைன்னு கூப்புட்டா, திங்கக்கெழம ஆபீஸ் தொறந்தாத்தான் கெடைக்குமுங்க.

ரவுட்டருக்குள்ள போற அட்மின் பாஸ்வேர்ட மாத்துங்க. வைஃபை பாஸ்வேர்டு வேற, அது வேறங்க. பாஸ்வேர்டு அடிக்காமயே இணைக்கற டபிள்யூபிஎஸ் பட்டன அணைச்சிருங்க. வைஃபை பாதுகாப்பு வகைல டபிள்யூபிஏ2-க்குக் கீழ எதையும் வெக்காதீங்க. வர்றவங்களுக்கெல்லாம் பாஸ்வேர்டு குடுக்கற வீடுன்னா கெஸ்ட் நெட்வொர்க் தனியாப் போட்டுக் குடுங்க.

காரைக்குடிப் பக்கம்

தம்பி, முகப்புப் பெட்டியும் பழசாகிவிட்டது. கடையில் புதுத் தலைமுறையான வைஃபை 7 வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கலாமா?

ஈரோடு, லைன்ல போறவன்

வீட்டுல இருக்கற போனு லேப்டாப்பு எல்லாம் எதுன்னு பாத்தீங்களா சார்? நம்மகிட்ட வைஃபை 5 போனு இருந்தா, அது எந்தப் பெட்டியோடயும் வைஃபை 5-ஆத்தான் பேசும். நூறு பிளானுக்கு கிகாபிட் போர்ட்டு இருக்கற வைஃபை 6 போதுமுங்க. மிச்சக் காசுல பின்கட்டுக்குப் போற கேபிளுக்கு ஒரு பிவிசி பைப்பு போட்டு உடுங்க. உத்தரத்து மேல எலி ஓடுமில்லீங்களா?