மலை போஸ்ட் ஷூட்டர் கேம்: டிரெய்லரில் எதை வெட்டணும்?

நிழல்ரீல் (ஹெச்எஸ்ஆர் லேஅவுட், பெங்களூரு)

சின்ன ஸ்டூடியோ, மொபைல் ஷூட்டர் கேம். களம்: லடாக் பக்கம் 16,000 அடியில் கற்பனையான ஒரு ராணுவக் காவல் போஸ்ட். 30 வினாடி டிரெய்லர் எடிட்டில் இருக்கு. இப்போதைய வெர்ஷன்: ஆபீஸ் சட்டை, ஐடி கார்டோடு ஒருத்தர் பனியில் குதிக்கிறார், கையில் ரைஃபிள், பின்னணியில் குத்துப்பாட்டு. பாட்டின் ஒவ்வொரு தாள அடிக்கும் ஒரு ஹெட்ஷாட். கடைசியில் "சண்டே ஃப்ரீயா? பார்டருக்கு வா மச்சி!"

டீமில் பாதிப் பேருக்கு இது பிடிச்சிருக்கு. மீதிப் பேர் நிஜப் போரைக் கொச்சைப்படுத்துறோம் என்கிறார்கள். அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எடிட்டர் எதை வெட்டுவார்? கேமிலும் விளம்பரத்திலும் அது எந்த இடத்தில் நடக்குது என்று குறிப்பாகச் சொல்லுங்க.

பழைய சாப்பர் (ராணுவப் பொறியாளர் படை, அல்சூர்)

தம்பி, அந்த 16,000 அடியிலிருந்தே ஆரம்பிக்கலாம். சமவெளியிலிருந்து வரும் ஜவானை நேரே அங்கே ஏற்ற மாட்டார்கள். 9,000 முதல் 12,000 அடி வரை 6 நாள், அடுத்து 15,000 வரை 4 நாள், அதற்கு மேல் இன்னொரு 4 நாள். முதல் இரண்டு நாள் ஓய்வு மட்டும்தான். இதைத் தாண்டிக் குதித்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். முதலில் வறட்டு இருமல், பிறகு நுரை நுரையாய்ச் சளி, உதடு நீலம். அதற்கு ஆக்சிஜன் கொடுத்து உடனே கீழே இறக்க வேண்டும். உங்கள் ஹீரோ ஐடி கார்டோடு குதித்தால், எதிரி வருவதற்குள் அவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கிக்கொண்டிருப்பார்கள்.

சியாச்சினில் குண்டு பட்டு இறந்தவர்களைவிடக் குளிரிலும் பனிச்சரிவிலும் இறந்தவர்களே அதிகம். 2016 பிப்ரவரி 3 அன்று சோனம் போஸ்ட்டில் 19 மெட்ராஸ் பட்டாலியன் ஆட்கள் 10 பேர் புதைந்தார்கள். 4 பேர் தமிழ்நாடு, 3 பேர் கர்நாடகம். ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்த தார்வாட் ஹனுமந்தப்பாவும் டெல்லி மருத்துவமனையில் 11ஆம் தேதி இறந்தார். அங்கே ஒரு தோட்டாகூடப் பாயவில்லை. உங்கள் கேமில் பனி என்ன வேலை செய்கிறது? வெறும் வால்பேப்பர் என்றால் அதுதான் முதல் பொய்.

இரண்டாவது, கண்ணிவெடி. கேம்களில் அது பீப் அடிக்கும், சிவப்பாய் மின்னும், ஒரு பட்டனைப் பிடித்தால் செயலிழக்கும். கையால் தேடும்போது குப்புறப் படுத்து, ப்ராடரை (கண்ணி தேடும் கூர்கம்பி) தரைக்கு 30 டிகிரி சாய்வில் பிடித்து, 3 செ.மீ. இடைவெளியில் குத்திக்கொண்டே போக வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரம் குத்துக்கு மேல். செங்குத்தாகக் குத்தினால் மேலே இருக்கும் அழுத்தத் தட்டில் படும். சாய்த்தால்தான் பக்கவாட்டில் தட்டுப்படும். மலையில் இன்னொரு தலைவலி: பனி உருகும்போது கண்ணி நகர்ந்துவிடும், வரைபடம் காட்டும் இடத்தில் இருக்காது. பாகிஸ்தான் எல்லையில் படை குவித்தும் போரே நடக்காத ஆபரேஷன் பராக்ரமில் (2001-02) கண்ணி புதைக்கும்போதும் எடுக்கும்போதும் நம் ஆட்கள் பலர் இறந்தார்கள். இதையெல்லாம் கேமில் வை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த பீப் சத்தத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.

லெவல்_கட்டுபவன் (ஒயிட்ஃபீல்டு)

சாப்பர் சார் சொல்வதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் காலத்தைச் சுருக்குவதும் கொச்சைப்படுத்துவதும் ஒன்றல்ல. பப்ஜியில் ஃபர்ஸ்ட் எய்ட் கிட் 6 வினாடியில் உடல்நலத்தை 75 வரை ஏற்றும், மெட் கிட் 8 வினாடியில் முழுசா ஏற்றும். அரை மணி நேர மேட்ச்சில் காயம்பட்டவரை நிஜ நேரத்துக்குப் படுக்க வைத்தால் பிளேயர் கேமை அழித்துவிட்டுப் போய்விடுவார்.

என் குறை வேறு. சரணடையும் எதிரி, காயம்பட்ட எதிரி, நடுவில் மாட்டிய ஊர்க்காரர், நம் ஆளையே நாம் சுட்டுவிடுவது: இந்த நாலையும் பெரும்பாலான ஷூட்டர்கள் சத்தமில்லாமல் எடுத்துவிடுகின்றன. சேர்க்க முடியாது என்பதும் பொய். ஆர்மா 3 என்ற போர் கேமுக்கு 2017இல் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து போர்ச் சட்டங்கள் பற்றிய ஒரு கூடுதல் பகுதியே வந்தது. அதில் நீங்கள் கண்ணி அகற்றும் தொண்டு நிறுவன ஆள். 2014இல் வந்த திஸ் வார் ஆஃப் மைன் கேமில் சிப்பாயே நீங்கள் இல்லை, முற்றுகையில் மாட்டிய பொதுஜனம். இன்னொரு பக்கம் பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ-யில் ரத்தத்தைப் பச்சையாக்கினார்கள். அதுதான் எனக்கு ஆகாது. சுடுவது அப்படியே இருக்கு, விளைவை மட்டும் பெயின்ட் அடித்து மறைக்கிறோம்.

செலவில்லாமல் செய்யக்கூடியது: தனியாக மாட்டிய, ஹெல்த் 20க்குக் கீழே போன எதிரிக்கு ஒரு 'கை தூக்கும்' நிலை வையுங்கள். அதற்கு ஒரு அனிமேஷன், ஒரு குரல் போதும். அவரைச் சுட்டால் மிஷன் தோல்வி. இதில் சொதப்பும் இடம்: பிடிப்பதற்கு எக்ஸ்பி (அனுபவப் பாயின்ட்) கொடுத்தால் பிளேயர்கள் வேண்டுமென்றே எல்லாரையும் 20க்குக் கொண்டுவந்து அறுவடை பண்ணுவார்கள். பாயின்ட் கொடுக்காதீர்கள். கை தூக்கியதும் தானாகவே குறிவைக்கும் ஆட்டோ-எய்ம் பூட்டையும் விடுவித்தாக வேண்டும், இல்லாவிட்டால் மொபைலில் விரல் எடுப்பதற்குள் சுட்டுவிடும், "பக்" என்று ஒரு ஸ்டார் ரிவ்யூ குவியும்.

அப்புறம், மருந்துப் பெட்டியில் வெள்ளையில் சிவப்பு சிலுவை போட்டிருந்தால் மாற்றுங்கள். அது ஜெனீவா ஒப்பந்தச் சின்னம், 1960 சட்டப்படி இங்கே அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது. பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை போதும். 2022இல் வந்த புது காம்பாட் யூனிஃபார்ம் டிசைனையும் ராணுவம் தன் பெயரில் பதிந்து வைத்திருக்கு. சொந்தமாக ஒரு பேட்டர்ன் வரைந்துகொள்ளுங்கள்.

மச்சி_ரஷ்

சதுரங்கத்தில் யானையும் குதிரையும் செத்தால் யாரும் அழுவதில்லையே. வன்முறை கேமுக்கும் நிஜ வன்முறைக்கும் முடிச்சுப் போடப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கமே 2020இல் சொல்லிவிட்டது. ஆடுகிறவனுக்கு எது கேம், எது நிஜம் என்று தெரியும்.

பழைய சாப்பர்

ஆடுகிறவரை யாரும் குற்றம் சொல்லவில்லை தம்பி. 2020 ஜூலையில் ராணுவம் தன் ஆட்களை அழிக்கச் சொன்ன 89 ஆப் பட்டியலில் பப்ஜியும் இருந்தது. ஜவான் ஆடாமலா பட்டியலில் வரும்? வன்முறை தூண்டுமா என்பது வேறு கேள்வி. இங்கே கேட்டிருப்பது, போரை லேசான விஷயமாகக் காட்டுகிறோமா என்பது.

வரிக்காரி (ஜெயநகர்)

விளம்பரத் துறையிலிருந்து: கேமைவிட விளம்பரம்தான் இதில் பெரிய குற்றவாளி. கேமில் செத்துச் செத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். டிரெய்லரில் யாருமே தோற்பதில்லை.

உங்கள் வரைவு புதுசும் இல்லை. 2010இல் கால் ஆஃப் டூட்டி: பிளாக் ஆப்ஸ் விளம்பரத்தில் சாதாரண வேலை பார்க்கும் ஆட்களும் கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட்டும் சிரித்துக்கொண்டே சுடுவார்கள், எல்லாருக்குள்ளும் ஒரு சிப்பாய் இருக்கிறான் என்று முடியும். அப்போதே நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டது. 2012இல் மெடல் ஆஃப் ஹானர் வார்ஃபைட்டர் கேமின் இணையதளத்தில் நிஜத் துப்பாக்கிக் கம்பெனிகளுக்கு லிங்க் வைத்தார்கள். எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள்.

நம்ம ஊர் உதாரணம் ஃபௌஜி என்ற மொபைல் கேம். லடாக்கில் சீனப் படையோடு கல்வான் மோதல் 2020 ஜூன் 15, 20 பேர் இறந்தார்கள், ராமநாதபுரம் ஹவில்தார் பழனி உட்பட. செப்டம்பர் 2இல் பப்ஜிக்குத் தடை, 4ஆம் தேதி ஃபௌஜி அறிவிப்பு, 2021 ஜனவரி 26 ரிலீஸ், முதல் களமே கல்வான். நிகர வருமானத்தில் 20 சதவீதம் உயிரிழந்த வீரர் குடும்பங்களுக்கான 'பாரத் கே வீர்' நிதிக்கு என்றது நல்ல விஷயம். துப்பாக்கி இல்லாமல் கைகலப்பாக வைத்ததும் நடந்ததற்கு நெருக்கம். உறுத்துவது காலண்டர்தான். ஒருவருஷ திதிகூட வரவில்லை, அதற்குள் அது லெவல் 1.

வெட்ட வேண்டியது: ஐடி கார்டு, கடைசி வரி, தாளத்துக்கு ஹெட்ஷாட். பாட்டு இருக்கலாம், ஆனால் சாவைத் தாளமாக்கக் கூடாது. 'மச்சி' வரியில் சிக்கல் மச்சி இல்லை, 'சண்டே'. போரைப் பொழுதுபோக்கு என்று நேரடியாகவே சொல்கிறது.

நிழல்ரீல்

நன்றி மேடம். பனியில் குதிக்கிற ஷாட் எடுத்தாச்சு, மறுபடி ஷூட் பண்ண பட்ஜெட் இல்லை. என்ன பண்ணலாம்?

வரிக்காரி

குதிக்கும் முதல் 2 வினாடியை மட்டும் வைத்து, அடுத்த கட்டிலேயே கேம் காட்சிக்குப் போங்கள். மூச்சு வாங்கும் சத்தம், மெதுவான நடை, ஒருத்தர் இன்னொருத்தரைத் தூக்கிக்கொண்டு போவது. 30 வினாடியில் 10 வினாடியாவது யாரும் சுடாமல் இருக்கட்டும். ஐடி கார்டை ரோட்டோ பண்ணி (ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்து) அழிக்க அரை நாள் வேலை. இறந்தவர் பெயர், நிஜ ரெஜிமென்ட் பேட்ஜ் எதுவும் ஃப்ரேமில் வரக்கூடாது.

சரிபார்ப்பு_சரவணன்

யாரும் சொல்லாத ஒன்று. 2025 மே மாதம் ஆர்மா 3 கிளிப்புகள் இந்தியா–பாகிஸ்தான் சண்டை வீடியோ என்று வாட்ஸ்அப்பில் சுற்றின. உங்களுடையது லடாக், அதுவும் நம் படை மாதிரி உடை. அடுத்த பதற்றத்தில் உங்கள் கேம் காட்சியும் 'பிரேக்கிங்' ஆகும்.

மூலையில் போடும் லோகோவை கிராப் பண்ணிவிடுவார்கள். கேம் பெயரை ஃப்ரேமின் நடுப்பகுதியில் 15 முதல் 20 சதவீத ஒபாசிட்டியில், அதாவது மங்கலாக, நகரவிடுங்கள். ஹெல்த் பார், மினிமேப் இல்லாத 'சினிமேட்டிக்' வெர்ஷனைத் தனியாக அப்லோட் பண்ணாதீர்கள். இருட்டில் தூரத்திலிருந்து ஏவுகணையைக் காட்டும் ஷாட் இருந்தால் அதை முதலில் தூக்குங்கள். அதை யாராவது ரெசல்யூஷன் குறைத்து, போனை வைத்துத் திரையைப் படம்பிடித்து, ஆட்டி விட்டால் நிபுணருக்கே பிடிபட நேரமாகும். பிரஸ் கிட்டிலும் வாட்டர்மார்க் உள்ள ஃபைலை மட்டுமே கொடுங்கள்.