வாடகை ஃபிளாட்டில் மின்சாரக் காருக்கு லைன் இழுப்பது எப்படி?

மூணாவது மாடி:
சென்னையில் பதினாறு வீடுகள் உள்ள அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறேன். நெக்ஸான் இவி புக் பண்ணியாச்சு. கீழே எனக்கென்று தனி பார்க்கிங் உண்டு. ஓனரோ "அசோசியேஷன் சரின்னா எனக்கும் சரி" என்கிறார், செக்ரட்டரியோ "ஓனர் லெட்டர் கொடுத்தா மீட்டிங்ல வைக்கிறேன்" என்கிறார். பேசாமல் மோட்டார் ரூம் பிளக்கில் போட்டுக்கொண்டு மாதாமாதம் ஒரு தொகை கொடுத்துவிடலாமா?

ஒயரிங் அண்ணன்:
மோட்டார் ரூம் வேண்டவே வேண்டாம் தம்பி. அது பொது மீட்டர், 100 யூனிட் இலவசமும் அதற்குக் கிடையாது, பில் ஏறினால் லிஃப்ட் ஓடிய செலவையும் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். வீட்டு மீட்டர்கள் கீழேதானே வரிசையாக இருக்கும்? உங்கள் மீட்டரிலிருந்து தனி எம்சிபி (கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானே ஆஃப் ஆகும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), அப்புறம் பிவிசி பைப்பில் 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், தூணில் பூட்டு போட்ட பெட்டிக்குள் 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கமே போகாதீர்கள், காரோடு வரும் சார்ஜர் ராத்திரி முழுக்க 3 கிலோவாட்டுக்கு மேல் விடாமல் இழுக்கும், பிளக் உருகிவிடும்.

ஓஎம்ஆர்காரன்:
வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது, பிரிண்ட் எடுத்து மீட்டிங்குக்குக் கொண்டுபோங்கள். ஆனால் பொதுச் சுவரில் பைப் அடிக்க அது அனுமதி ஆகாது, அதற்குக் கெஞ்சித்தான் ஆகவேண்டும். கூடுதல் லோடு (இணைப்புக்கு அனுமதித்த கிலோவாட் அளவு) தேவைப்பட்டால் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க முடியும், அதனால் ஓனரை முதலில் பிடியுங்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 300 யூனிட் கூடும். ஏசியும் சேர்ந்து அந்த பில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரைக்குமான மலிவு ரேட்டும் போச்சு.

வாடகைவாசி:
இவ்வளவு செலவும் பதினோரு மாத அக்ரிமெண்டை நம்பியா? காலி செய்யும்போது ஒயரும் பெட்டியும் என்னுடையவை, கழற்றிக்கொண்டு போவேன் என்று எழுதி வாங்காமல் ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள்.

மூணாவது மாடி:
மீட்டர் போர்டு என் தூணுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கட்டடம் பழசு, எர்த் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒயரிங் அண்ணன்:
ஹீட்டர் மாதிரி கரண்ட் அதிகம் இழுக்கும் ஒன்றை ஓடவிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வோல்ட்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா கிடக்க வாய்ப்பு அதிகம். எர்த் குழியைச் சரிசெய்வது எல்லா வீட்டுக்கும் பொதுவான வேலை, அந்தச் செலவை அசோசியேஷனே செய்யட்டும்.