புற்றுக்கட்டிக்குள் இரும்பும் எதிர்ப்பாற்றல் செல்களும்: நாங்கள் கண்டவை

திசுநோயியல் ஆய்வகப் பணியாளர்:
புற்றுக்கட்டியின் திசுவெட்டுகளுக்கு, சேமித்த இரும்பை நீலமாகக் காட்டும் பெர்ல்ஸ் சாயம் ஏற்றி முதன்முதலில் பார்த்தபோது, விரைந்து பெருகும் புற்றுச்செல்களே நீலமாகத் தெரியும் என்று எதிர்பார்த்தேன். நீலமோ இரத்தம் கசிந்த இடங்களில் குவிந்திருந்த மேக்ரோபேஜ்கள் என்னும், சிதைந்தவற்றை விழுங்கும் எதிர்ப்பாற்றல் செல்களில் இருந்தது. முதிர்ந்த சிவப்பணுக்களைச் சிதைத்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பை உடலுக்குத் திருப்பித் தருவது இவற்றின் அன்றாட வேலை. ஆயினும் அருகருகே உள்ள இரண்டு மேக்ரோபேஜ்கள் ஒரே நிலையில் இருக்க வேண்டியதில்லை என்பது எனக்குப் பின்னர்தான் புரிந்தது. அழற்சி நிலையில் உள்ளவை இரும்பை ஃபெரிட்டின் என்னும் சேமிப்புப் புரதத்துக்குள் பூட்டி வைக்கின்றன. காயம் ஆற்றும் நிலைக்கு மாறியவை ஃபெரோபோர்ட்டின் என்னும் புரதத்தின் வழியே அதை வெளியேற்ற, அருகிலுள்ள புற்றுச்செல்கள் அதை எடுத்துக்கொள்கின்றன. சாயம் காட்டுவது சேமிப்பை மட்டுமே என்பதால், கட்டிக்கு இரும்பை ஊட்டிக்கொண்டிருப்பவை வெளிறியே தெரியும். அவற்றை எத்தனை முறை கவனிக்காமல் கடந்திருப்பேன் என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது.

இந்த உறவு எதிர்த்திசையிலும் செல்கிறது: மேக்ரோபேஜின் நிலையை இரும்பும் மாற்றுகிறது. இரத்தசோகைக்குத் தரப்படும் ஃபெருமாக்சிட்டால் என்னும் இரும்பு மருந்து, மேக்ரோபேஜ்களை அழற்சி நிலைக்குத் திருப்பி எலிகளில் கட்டியின் வளர்ச்சியைக் குறைத்ததாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அதைப் படித்த பிறகே, இரும்பைப் புற்றின் உணவாக மட்டும் கருதுவதை நான் கைவிட்டேன்.

செல் வளர்ப்பு ஆய்வாளர்:
இரும்பு புற்றின் உணவு மட்டுமே என்ற எண்ணத்தோடுதான் நான் தொடங்கினேன். புற்றுச்செல்களையும், அவற்றைத் தாக்கும் எதிர்ப்பாற்றல் செல்களான டி செல்களையும் ஒன்றாக வளர்த்து, இரும்பைப் பிணைத்துக்கொள்ளும் டெஃபெராக்சமினைச் சேர்த்தேன். புற்றுச்செல்களின் பெருக்கம் தளர்ந்தது. மகிழ்ச்சியோடு டி செல்களை எண்ணிப் பார்த்தால், அவையும் பெருகவில்லை. தூண்டப்பட்ட டி செல் தன் மேற்பரப்பில், இரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்துக்கான ஏற்பிகளைப் பெருமளவில் ஏற்றிக்கொள்வது இரும்புக்காகத்தான். டிஎன்ஏவின் கட்டுமானக் கூறுகளைத் தயாரிக்கும் நொதி இரும்பின்றி இயங்காது. இரு தரப்புக்கும் தேவை ஒன்றே என்பதை அந்தத் தட்டுதான் எனக்குக் கற்பித்தது. அதன் பின் இரும்பை அடியோடு நீக்கும் சோதனைகளை நிறுத்திவிட்டு, மேக்ரோபேஜ்களின் ஃபெரோபோர்ட்டினை மட்டும் தடுத்துப் பார்க்கத் தொடங்கியுள்ளேன்.

நோயாளியின் மகள்:
அம்மாவின் பரிசோதனையில் ஃபெரிட்டின் மிகுதியாகவும் டிரான்ஸ்ஃபெரினில் இரும்பு ஏறியிருந்த விழுக்காடு குறைவாகவும் இருந்தது ஏன் என்று பல நாள் குழம்பினேன். அழற்சியால் ஹெப்சிடின் என்னும், இரும்பைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் உயர்ந்து ஃபெரோபோர்ட்டினை மூடிவிட்டதால், இரும்பு மேக்ரோபேஜ்களுக்குள்ளேயே சிக்கியிருக்கிறது என்று மருத்துவர் விளக்கினார். மேலே எழுதப்பட்டதைப் படித்தபோது அந்த இரண்டு எண்களும் எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தன.